மாமா காரும் நாற்பதாம் நம்பர் எண்ணெயும்

பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசிப் பரீட்சை எழுதி ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் தாய்மாமாவின் காரைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். ஆயுதம்: இருபதாம் நம்பர் எஞ்சின் ஆயில். ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எல்லாக் கதையிலும் வில்லி நான்தான். வில்லி நான் இல்லையென்று சொல்ல வரவில்லை. பாதி வரைக்கும்தான் வில்லி என்று சொல்ல வருகிறேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். ஏதோ ஒரு ஜமீன் வீட்டில் நின்று நின்று டயரெல்லாம் வெடித்துக் கிடந்ததை, பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருஷம் மாமா வாங்கி வந்துவிட்டார். நான் பிறப்பதற்கு முன்னாலேயே செய்த வண்டி. அரக்குச் சிவப்பு. முன்னால் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரிக்கிற மாதிரி வெள்ளிக் கம்பிகள். பின் சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், அவ்வளவு மெத்தை. பசுவந்தனையில் எங்கள் தெருவுக்குள் அது திரும்ப வேண்டுமென்றால் இரண்டு வீட்டு வாசல்களில் கட்டிய மாட்டை அவிழ்க்க வேண்டும். மழை பெய்து கரிசல் மண் இளகிவிட்டால் பதினைந்து நாளைக்கு வண்டி வீட்டைவிட்டு இறங்காது.

அப்படிப்பட்ட வண்டிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வேலைதான். கல்யாணம். புதூரிலிருந்து ஓட்டப்பிடாரம் வரைக்கும் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் வந்தாக வேண்டும். மாமாவே வெள்ளைச் சட்டை போட்டு ஓட்டுவார். டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னால், “எம் பொஞ்சாதிய நீ கூட்டிட்டுப் போவியா?” என்று கேட்பார்.

அக்கா வயசுக்கு வந்த சடங்கில் தாய்மாமன் சீர் வைத்த கையோடு, சபையில் வைத்து மாமா ஒரு வாக்குக் கொடுத்தார். “எம் மருமவ மாப்பிள்ள எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரி, இந்தக் கார்லதான் வந்து எறங்குவான்.” அம்பது பேர் கேட்டார்கள். அக்கா முக்காட்டுக்குள் இருந்து கேட்டாள். ஒன்பது வருஷம் கழித்து ஓட்டப்பிடாரத்து மாப்பிள்ளை அமைந்து, வைகாசியில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அப்போதுதான் காருக்கு நோய் முற்றியது.

நோய் என்னவென்றால், டேஷ்போர்டில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு மீட்டர் இருக்கும். எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று அதில் ஒரு முள் காட்டும். முள் நிமிர்ந்து நின்றால் எல்லாம் சுகம். முள் படுத்துவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் நேராக உரசுகிறது என்று அர்த்தம். உரசினால் பேரிங் உருகும். உருகினால் கதை முடிந்தது. அந்தக் காருக்குப் பேரிங் கோவில்பட்டியிலும் கிடைக்காது, மெட்ராஸிலும் கிடைக்காது. புதூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு வண்டி எஞ்சின் பிடித்துப்போய் நின்றது. இப்போது அதற்குள் கோழி அடைகிறது. மாமா அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

முகூர்த்தத்துக்கு அஞ்சு நாள் இருக்கும்போது முள் பாதியில் நின்றுகொண்டு மேலே ஏற மாட்டேன் என்றது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். எந்த எண்ணெய்? அங்கேதான் சண்டை.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் லாரி பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சிதான் காருக்கு ஆஸ்தான வைத்தியர். வடித்த எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, விரலைப் பிரித்து, இழை வருகிறதா என்று பார்த்தார். கடலை மிட்டாய் போடுகிறவர்கள் வெல்லப் பாகைப் பார்க்கிற அதே பார்வை.

“தண்ணியா ஓடிப்போச்சு மொதலாளி. அம்பதாம் நம்பர் ஊத்துங்க. நம்பர் கூடக் கூடக் கெட்டி. தேய்ஞ்ச எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெதான். கம்பங்கூழு மாதிரி உள்ள நிக்கணும்.”

“கூழு ஊத்துனா எஞ்சினுக்குச் செமிக்குமா அண்ணாச்சி?” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தாயி, நீ எத்தன எஞ்சின் பிரிச்சிருக்க?”

“நீங்க எத்தன புஸ்தகம் பிரிச்சிருக்கீங்க?”

“ஏட்டி, மெதுவா” என்றார் மாமா. சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “நாளைக்கு வண்டி நடுவழியில நின்னா அவருதான் வரணும். ஒன் புஸ்தகமா எந்திரிச்சு வரும்?”

புத்தகம் என்று நான் சொன்னது சும்மா வாய்க்கு வந்தது இல்லை. காரோடு ஜமீனிலிருந்து ஒரு கையேடு வந்திருந்தது. இங்கிலீஷ். யாரும் திறந்ததில்லை. பல பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போய் அப்பளம் மாதிரி இருந்தன. அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, எண்ணெய் பற்றிய பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அட்டவணை போட்டே கொடுத்திருந்தான் அமெரிக்காக்காரன். உங்கள் ஊரில் குளிர் எது வரைக்கும் இறங்கும் என்று பார். அதற்கு நேராக உள்ள நம்பரை ஊற்று. உறைபனி அளவுக்கு மேலேயே நிற்கிற ஊர் என்றால் இருபதாம் நம்பர். அதற்குக் கீழே பனி பெய்கிற ஊர்களுக்கு இன்னும் மெல்லிசாகப் பத்து, அது இது என்று இறங்கிக்கொண்டே போனது.

எங்கள் ஊரில் மார்கழியிலேயே உறைபனி கிடையாது, வைகாசியிலா வரப்போகிறது? ஆகவே இருபது. முடிந்தது கணக்கு. காரைச் செய்தவனே சொல்லிவிட்ட பிறகு விரலில் இழை பார்க்கிறவர் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்? மாமாவிடம் அட்டவணையைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் வகையறாவிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் நான். அது அவருக்கு எவ்வளவு பெருமை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் குரலைக் கொஞ்சம் கம்பீரமாக வைத்துக்கொண்டேன்.

கோவில்பட்டிக் கடையில் இருபதாம் நம்பர் கேட்டால், “தையல் மிசினுக்கா தாயி?” என்றார் கடைக்காரர். உள்ளே போய் ரொம்ப நேரம் உருட்டி, தூசி படிந்த அஞ்சு லிட்டர் டப்பா ஒன்றைத் தூக்கி வந்தார்.

பட்டறையில் அதை ஊற்றினோம். தேன் மாதிரி நிறம். மெக்கானிக் அண்ணாச்சி புனலைப் பிடிக்கவே மறுத்துவிட்டார். நான் பிடித்தேன். விடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், வெயில் ஏறவில்லை. மாமா சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே திருப்பில் எழுந்து முனகியது பாருங்கள், பூனைக்குட்டி தோற்றது. முள் ஜம்மென்று மேலே ஏறி நின்றது.

“என்ன அண்ணாச்சி, செமிச்சிருச்சா?” என்றேன்.

அவர் ஸ்பானர் பையையும், தன் பணத்தில் வாங்கி வைத்திருந்த அம்பதாம் நம்பர் டப்பா ஒன்றையும் எடுத்து டிக்கியில் வைத்தார். “பசுவந்தனை வரைக்கும் நானும் வாரேன்” என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அவ்வளவு மெத்தையான சீட்டில் அவ்வளவு விறைப்பாக ஒரு மனிதன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வழியெல்லாம் கொண்டாட்டம்தான். காலைக் காற்று, காலி ரோடு, இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல். மாமா ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினார். “சத்தமே இல்லட்டி! எஞ்சின் ஓடுதா, இல்ல வண்டி எறக்கத்துல உருளுதா?” என்று மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் பின்னால் திரும்பி மெக்கானிக் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். கெட்ட புத்திதான். ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தபோது நடு மத்தியானம். மாமாவுக்கு ஒரு ஆசை. மாப்பிள்ளை அழைப்பு எப்படி வருமோ அப்படியே ஒரு ஒத்திகை பார்த்துவிட வேண்டும். ஊர் முகப்பில் உள்ள அம்மன் கோவிலிலிருந்து எங்கள் வீட்டுப் பந்தல் வரைக்கும், மேளத்துக்குப் பின்னால் போகிற அதே நடையில். மேளம் இல்லை, அதனால் என்னை முன்னால் நடக்கச் சொன்னார். வெயிலில் நான் மாப்பிள்ளை வீட்டு மேளக்காரர் மாதிரி ஆடி ஆடி நடக்க, பின்னால் கார் ஊர்ந்து வந்தது.

பாதித் தெரு தாண்டவில்லை. பின்னால் ஒரு சத்தம். டொக்கு. டொக்கு. டொக்கு டொக்கு. யாரோ வண்டிக்குள் உட்கார்ந்து சுத்தியலால் மெல்லத் தட்டுகிற மாதிரி.

“அணைங்க! அணைங்க மொதலாளி!” என்று பின் சீட்டிலிருந்து மெக்கானிக் அண்ணாச்சி கத்தினார்.

நான் ஓடி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முள் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மாமா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். மெக்கானிக் அண்ணாச்சி கீழே படுத்து, நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் அடியிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்து, ஒரே ஒரு நொடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் கறுப்புப் புழுதி.

“பேரிங் இன்னும் போகல. இன்னொரு அஞ்சு நிமிசம் ஓடியிருந்தா போயிருக்கும்.” என்னைப் பார்க்காமலேயே சொன்னார். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“மூணு நாளு இருக்கு” என்றார் மாமா. என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே போய்க் கையேட்டை மறுபடி எடுத்தேன். அட்டவணைப் பக்கத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த தாளை நகத்தால் பிரித்தேன். பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கடும் வெயில் தொடர்ந்து அடிக்கிற இடங்களில் மேற்சொன்ன நம்பர் ஆகாது, அடுத்த நம்பரான முப்பதை ஊற்றவும். அந்தத் தாளைத் திரும்ப எச்சில் தொட்டு ஒட்டி வைத்துவிட்டேன். மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். மன்னிச்சிருங்க மாமா.

முற்றத்துக்கு வந்தால் அங்கே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. அம்பது ஊற்றியே தீர வேண்டும் என்று மெக்கானிக் அண்ணாச்சி. அம்பது ஊற்றினால் காலையில் எஞ்சின் சுற்றுமா, பேட்டரியே ஆறு வோல்ட்தானே என்று மாமா. நான் நடுவில் புகுந்து, “முப்பது ஊத்தலாம், ரோட்டுல அம்பது மைல் வேகத்துல போகும்போது…” என்று ஆரம்பித்தேன்.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அக்கா. கல்யாணப் பெண், வெயிலில் வரக் கூடாது என்று அம்மா உள்ளேயே வைத்திருந்தாள். “ஏட்டி, யாரு அம்பது மைல் வேகத்துல போறா? ஒன் புஸ்தகத்துல மேளம் வருதா?”

“என்னது?”

“மேளம்ட்டி. ஒன் அமெரிக்காக்காரன் மேளத்துக்குப் பின்னால கார் ஓட்டியிருக்கானா? அவிய நடந்து வருவாவ, கார் பின்னால நடந்து வரும், வீட்டுக்கு வீடு நிக்கும். நம்ம கார் எங்க ஓடிச்சு? அது நடக்கத்தான் செய்யுது. நடக்குற வண்டிக்கு எது தோதோ அதப் பாருங்க. ஓடுறதப் பத்தியே ஆளாளுக்குப் பேசிட்டு இருக்கீங்க.”

மெக்கானிக் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். வேகமாகப் போனால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெய்ப் பம்ப்பும் வேகமாக இறைக்கும், முள் நிமிரும். ஊர்ந்தால் பம்ப்பும் சோம்பிவிடும். வெயிலில் எண்ணெயும் இளகிப் போகும். அப்போதும் எது இளகாமல் நிற்கிறதோ அந்த எண்ணெய்தான் வேண்டும். இது பி.எஸ்சி. படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்ட அக்காவுக்குத் தோன்றியது. கல்யாணம் அவளுடையது, அதனால் இருக்கலாம்.

சரி, சூட்டில் எது நிற்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நான் மறுபடி எழுந்தேன். காலேஜில் விஸ்காசிட்டி பிராக்டிகல் என்று ஒன்று உண்டு. நீளமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெய் ஊற்றி, அதில் குட்டி இரும்புக் குண்டைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் அடிக்கு இறங்குகிறது என்று பார்ப்பது. மெதுவாக இறங்கினால் எண்ணெய் கெட்டி. பரீட்சையில் எனக்கு வந்த பிராக்டிகலே அதுதான்.

“பாட்டில் கொண்டு வாங்க!” என்றேன்.

நன்னாரி சர்பத் பாட்டில் மூன்று கிடைத்தது. வடித்த இருபதை ஒன்றில் ஊற்றினோம். மெக்கானிக் அண்ணாச்சியின் அம்பது ஒன்றில். நாற்பதாம் நம்பரும் எங்களிடமே இருந்தது. மாமாவின் கிணற்று பம்ப்செட் எஞ்சினுக்கு வாங்கிய, சீல் உடைக்காத டப்பா. அதை மூன்றாவதில். சைக்கிள் கடையிலிருந்து குண்டு வாங்கி வந்து முதல் பாட்டிலில் போட்டேன். டொப். கண் மூடித் திறப்பதற்குள் அடியில் கிடந்தது. அம்பதில் போட்டேன். அதுவும் டொப்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போவமா?” என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

குண்டு கனம், பாட்டில் குட்டை. லேசான பொருளாக வேண்டும். நான் முழிப்பதைப் பார்த்து அக்கா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். கையில் ஒரு பிடி கம்பு.

கம்பு அற்புதமாக வேலை செய்தது. அக்கா ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இருபதில் கம்பு கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது. நாற்பதில் அறுபது வரைக்கும் எண்ண வேண்டியிருந்தது. அம்பதில் போட்ட கம்பு, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது. மெக்கானிக் அண்ணாச்சி போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “எங்கன நிக்கி?” என்று கேட்டார். பாதி வழி.

“பாத்தியா தாயி! கெட்டின்னா அதுதான் கெட்டி!”

“இருங்க அண்ணாச்சி. இது பச்சை எண்ணெ. இனிமேதான் வெயிலு.”

சமையலுக்கு வந்திருந்த அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, பாட்டில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பண்ணி உள்ளே இறக்கினோம். இப்போது தெருவே வந்துவிட்டது. கல்யாண வீட்டில் எண்ணெயை வேக வைக்கிறார்கள் என்றால் யார் வராமல் இருப்பார்கள்? கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஒருவர் ஆடுகளை விட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் நின்றார். நல்ல சூடு ஏறியதும் மூன்றிலும் கம்பைப் போட்டோம்.

இருபதில்: “ஒண்ணு, ரெண்…” முடிந்தது. கம்பு அடியில்.

“இதத்தான் எஞ்சினுக்குள்ள ஊத்துனியா?” என்றாள் அக்கா. நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

நாற்பதில் நாலு. அம்பதில் அஞ்சு. மறுபடி போட்டோம். நாலு, அஞ்சு. மறுபடி. அதே நாலு, அஞ்சு.

மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து பாட்டிலையே பார்த்தார். பச்சையில் அவ்வளவு திமிராக நின்ற அம்பது, சூட்டில் நாற்பதைவிட ஒரே ஒரு எண்தான் கூட நின்றது. அந்த ஒரு எண்ணுக்காக, காலையில் எஞ்சின் சுற்ற மறுக்கிற ஆபத்தை வாங்குவதா?

“நாப்பதே ஊத்துவோம்” என்றார் கடைசியில். பிறகு என்னைப் பார்த்து, “நான் சொன்னதும் இல்ல, நீ சொன்னதும் இல்ல. சந்தோசமா?”

“கெணத்து எஞ்சினுக்கு ஊத்துறதையா எங் காருக்கு ஊத்தணும்?” என்று மாமா மட்டும் கொஞ்சம் முறுக்கினார். ஜமீன் வீட்டில் வளர்ந்த எஞ்சின் அல்லவா. ஆனால் வேறு வழி இல்லை. அன்று சாயங்காலமே நாற்பது உள்ளே போனது. மறு ஒத்திகையில் டொக்கு சத்தம் வரவில்லை. முள் கால்வாசியில் நின்றது. அதற்குக் கீழே போனால் ஆபத்து என்று அந்த இடத்தில், மீட்டர் கண்ணாடி மேல், அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை பந்தலில் இறங்கியாக வேண்டும். ஆகவே மூன்று மணிக்கே, கொளுத்துகிற வெயிலில், அம்மன் கோவிலிலிருந்து கிளம்பினோம். முன் சீட்டில் நான். மாமாவுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, கண்ணாடி போட மாட்டார், முள்ளைப் பார்க்க ஆள் வேண்டும். பெண் வீட்டுச் சின்னப் பெண் மாப்பிள்ளை காரில் ஏறுவதா என்று இரண்டு பெருசுகள் முணுமுணுத்தார்கள். “மருமவ இல்லேன்னா வண்டி வராது” என்று மாமா முடித்துவிட்டார்.

பின் சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை. “என்ன கொழுந்தியா, அங்கனயே பாத்துட்டு வாரீங்க? எம் மொகத்தப் பாக்க மாட்டீங்களா?”

“ஒங்க மொகத்த அக்கா பாத்துக்கிடுவா. எனக்கு இந்த முள்ளுதான்.”

மெக்கானிக் அண்ணாச்சி பானெட் மேல் கை வைத்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தார். முதல் தெரு பிரச்சினை இல்லாமல் போனது. இரண்டாவது தெருவில் மாமாவின் பங்காளி வீட்டு முன்னால் ஊர்வலம் நின்றது. நாதஸ்வரம் ஓய்ந்து தவில் தனியாகக் கிளம்பியது. தவில்காரர் ஆள் மலை மாதிரி. வெயிலைப் பற்றிக் கவலையே இல்லாமல் வெளுத்து வாங்கினார். நான் முள்ளைப் பார்த்தேன். இறங்கியது. இறங்கியது. பொட்டைத் தொட்டது.

“மாமா!”

மாமா கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். வுர்ர்ர்ரூம்! எஞ்சின் சீறியது, முள் எழுந்தது. சரியாகத் தவில் முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வைத்து நிறுத்திய அந்த நொடியில்.

கூட்டம் கைதட்டியது. தவில்காரர் திரும்பிப் பார்த்தார். காருக்குப் பதில் சொல்வது மாதிரி இன்னொரு ஆவர்த்தனம் வாசித்து, டக்கென்று நிறுத்தி, புருவத்தைத் தூக்கினார். அதற்குள் முள் மறுபடி இறங்கிவிட்டது. மாமா வேறு என்ன செய்வார்? வுர்ர்ர்ரூம்!

“ஆகா! சரியான போட்டி!” என்று கூட்டத்தில் யாரோ கத்த, கதை கெட்டது. தவில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அவர் வாசிக்க வாசிக்க ஊர்வலம் நின்றது. நிற்க நிற்க முள் இறங்கியது. முள் இறங்க இறங்க மாமா மிதித்தார். மிதிக்க மிதிக்கத் தவில்காரருக்கு ரோஷம் ஏறியது. காரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தே வாசித்தார். அந்த வேகத்தில் போனால் பந்தலுக்குத் தைப் பொங்கலுக்குத்தான் போய்ச் சேர்வோம். மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் கதவைத் திறந்துகொண்டு தவில்காரரிடம் ஓடினேன். “அண்ணாச்சி, போதும் அண்ணாச்சி, கொஞ்சம் வெரசா நடங்க!”

“அவர மொதல்ல நிறுத்தச் சொல்லும்மா” என்றார், கை ஓயாமல். “நான் நிறுத்துதேன்.”

“அவரு போட்டிக்குப் பண்ணல அண்ணாச்சி, அது எண்ணெக்கு…”

“எண்ணெயா? எனக்கு என்ன எண்ணெ போட்டாலும் இந்தக் கை நிக்காது!”

திரும்ப ஓடி வந்து ஏறினேன். மணி நாலு. மாமாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. “ஏட்டி, சத்தம் கேக்குதா?” என்று மெல்லக் கேட்டார். டொக்கு சத்தத்தைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. நான் தவிலை மறந்து, கூட்டத்தை மறந்து, காலுக்குக் கீழே மட்டும் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே மெக்கானிக் அண்ணாச்சியும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை. ஒரே சீரான உறுமல். முள் இப்போது பொட்டில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதைத் தாண்டிக் கீழே போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றாலும் போகவில்லை. வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டது, எண்ணெய் அதற்கு மேல் இளகவில்லை.

“நிக்கி மாமா. நாப்பது நிக்கி. மிதிங்க!”

மாமா மிதித்தார். இந்தத் தடவை பயத்தில் மிதிக்கவில்லை. ஆனந்தமாக மிதித்தார். வுர்ரூம், வுர்ரூம், வுர்ர்ர்ர்ரூம்! தவிலின் கடைசித் தீர்மானத்தை அப்படியே எஞ்சினில் வைத்தார். பின் சீட்டில் மாப்பிள்ளை மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தவில்காரர் இன்னொரு ஆவர்த்தனம் வாசித்தார். அதற்குப் பதில் வந்தது. இன்னொன்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, குச்சியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு காரைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. “போதும்வே!” என்று கத்தினார். “ஒம்ம தவிலுக்குத் தோலும் கிழிய மாட்டேங்குது, கையும் வலிக்க மாட்டேங்குது!”

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். அதன்பிறகு ஊர்வலம் ஓட்டமும் நடையுமாகப் போனது. பந்தல் வாசலில் கார் நின்றது. ஆரத்தித் தட்டோடு அத்தைமார்கள் வந்தார்கள். மாமா கதவைத் திறந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காவின் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

மாமா திரும்ப வந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். எஞ்சினை அணைக்கவில்லை. முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

“ஏட்டி, மணி என்ன?”

“நாலு இருவத்திரெண்டு.”

“அப்பம் ராகு காலத்துக்கு இன்னும் எட்டு நிமிசம் இருக்கு. தவில்காரரக் கூப்பிடு. இன்னொரு சுத்துப் போவோம்.”

நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.